எந்தத் தோட்டத்திலிருந்து?

2021 அக்டோபர் தொடக்கத்தில், பின்லாந்தின் வன்டா நகரில் நடந்த சுடிர்மான் கிண்ணப் பூப்பந்துப் போட்டியின் அரையிறுதியில் மலேசியா ஜப்பானிடம் தோற்றது. பெண்கள் ஒற்றையர் ஆட்டத்தில் மலேசியாவுக்காக இறங்கியவர் எஸ். கிசோனா. எதிரே நின்றவர் உலகின் முன்னணி ஆட்டக்காரர்களில் ஒருவரான அகானே யாமாகுச்சி. தோல்வியில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் ஆட்டம் முடிந்ததும் இங்கே ஓர் அரசியல் கட்சியின் வட்டாரப் பொறுப்பாளர் தம் முகநூலில், நம் இனத்தைக் குறிக்கும் இழிசொல்லால் கிசோனாவைச் சுட்டி, பூப்பந்துச் சங்கம் இந்தப் பெண்ணை எங்கே போய்ப் பொறுக்கியது, எந்த எஸ்டேட்டிலிருந்து என்று எழுதினார். பல தரப்பிலிருந்தும் கண்டனம் எழுந்தது. எழுதியவர் மன்னிப்புக் கேட்டார். சில வாரங்களில் நாடு அதை மறந்தது.

நான் மறக்கவில்லை. அந்த இழிசொல்லைக் கேட்டே வளர்ந்தோம். அது பழகிப்போன காயம். அதன் பின்னால் வந்த கேள்விதான் உள்ளே தங்கிவிட்டது. எஸ்டேட் என்றால் நாட்டுக்கு ஆடத் தகுதியானவர் வராத இடம் என்று ஒருவர் யோசிக்காமலே எழுத முடிகிறது என்றால், தேசிய அணிக்கு ஆள் எப்படி எடுக்கப்படுகிறது என்று நம்மில் எவரும் உரக்கப் பேசவில்லை என்றுதான் பொருள். கிசோனா விஷயத்தில் பதில் எளிது. 1998-இல் சிரம்பானில் பிறந்தவர். 2019 டிசம்பரில் பிலிப்பைன்ஸில் நடந்த சீ எனும் தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில் பெண்கள் ஒற்றையர் தங்கத்தை வென்றவர். பெயருக்குப் பக்கத்தில் எழுதிக் காட்ட அது போதும். ஆனால் அந்தக் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் பிடித்தால் அது நல்ல கேள்வியாகிறது. தேர்வுக்குழுவின் மேசைக்கு எந்தெந்த இடத்துப் பிள்ளைகளின் பெயர் வந்து சேர்கிறது? எந்த இடத்துப் பிள்ளைகளின் பெயர் சேருவதே இல்லை?

இதை ஆராய நான் எடுத்துக்கொண்ட விளையாட்டு பலருக்கு விந்தையாகப் படலாம். பனித்தளத்தில் இசைக்கு ஆடும் ஃபிகர் ஸ்கேட்டிங். நெகிரி செம்பிலான் மாநிலத் தோட்டங்களில் பனிக்கட்டி என்றால் ஐஸ் பெட்டிக்காரர் கொண்டு வருவதுதான். ஆயினும் இந்த ஆட்டத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. யாரை அனுப்புவது என்ற சண்டை இதில் பல பத்தாண்டுகளாக ஊரறிய நடந்திருக்கிறது. விதிகள் எண்களாக அச்சிடப்பட்டிருக்கின்றன. தேர்வு என்ற இயந்திரத்தின் மூடியைத் திறந்து உள்ளே பார்க்க இதைவிட வசதியான விளையாட்டு எனக்குத் தெரியவில்லை. தவிர, மலேசியாவின் முதல் பனிக்கால ஒலிம்பிக் ஆட்டக்காரர்களில் ஒருவர் இந்த ஆட்டத்தில்தான் கிடைத்தார்.

தேர்வு என்றால் என்ன என்று தோட்டத்துப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் பாட்டன் பாட்டிமாரே தேர்ந்தெடுக்கப்பட்டு வந்தவர்கள். தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஊர் ஊராகப் போய் ஆள் திரட்டியவன் கங்காணி. அவன் கண்ணுக்குத் திடமாகத் தெரிந்தவரும், அவனுக்கு உறவாகவோ வேண்டியவராகவோ இருந்தவரும் கப்பலேறினார்கள். வேலைக்கு இறங்கும் ஒவ்வோர் ஆளுக்கும் அவனுக்குத் தலைக்காசு கிடைத்தது. அந்த ஆள்திரட்டு 1938-இல் இந்திய அரசின் தடையோடு நின்றது. தோட்டத்துக்குள் வந்தபின் இன்னொரு அளவை இருந்தது: தராசு.

ரந்தாவ் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் என் அம்மா பால்மரம் வெட்டினார். விடியுமுன் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்புக்கு நின்று, மரம் சீவி, மங்குகளில் வடிந்த பாலைச் சேர்த்து, காண்டாவில் வாளிகளைச் சுமந்து ஸ்டோருக்கு வருவார். தோட்டத்து எழுத்தரான கிராணி பாலை நிறுத்து, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று மானியை இறக்கிப் பார்த்து, புத்தகத்தில் எழுதுவார். தராசு எல்லாருக்கும் ஒன்றுதான். ஆனாலும் சில வீட்டில் எப்போதும் கூடுதல் காசு வந்தது. ஒருநாள் அதைக் கேட்டபோது அம்மா சொன்னது இது: “தராசு சரியாத்தான் காட்டுது. கெழட்டு மரத்து நிரையைக் கொடுத்துட்டு அப்புறம் நிறுத்தா, எங்கிருந்து வரும் பாலு?” இளமரங்கள் நிற்கும் சமதள நிரை யாருக்கு, மேட்டிலே வற்றிப்போன மரங்களின் நிரை யாருக்கு என்று முடிவானபோதே பாதிச் சம்பளம் முடிவாகிவிடும். ஸ்டோரில் நடப்பது மிச்சம். இந்தக் கட்டுரையை வாசிக்கும்போது இவ்விரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: தராசு, நிரை.

முதலில் தராசு. அனைத்துலகப் பனிச்சறுக்குச் சம்மேளனம் 1892-இல் தொடங்கியது. விளையாட்டு உலகின் மிகப் பழைய அமைப்புகளில் ஒன்று. அதன் உலகப் போட்டியில் ஒவ்வொரு பிரிவிலும் ஒரு நாட்டுக்கு எத்தனை இடம் என்பது முந்தைய ஆண்டின் கணக்கைப் பொறுத்தது. ஒரு நாட்டின் சிறந்த இருவர் பெற்ற இடங்களைக் கூட்டினால் 13-க்குள் வரவேண்டும். வந்தால் அடுத்த ஆண்டு மூன்று பேரை அனுப்பலாம். 28-க்குள் வந்தால் இருவர். ஒருவர்தான் ஆடினார் என்றால், அவர் முதல் இரண்டு இடங்களில் ஒன்றைப் பிடித்தால் மூன்று, பத்துக்குள் வந்தால் இரண்டு. மற்ற நாடுகளுக்கெல்லாம் ஆளுக்கு ஓர் இடம். அந்த ஓர் இடமும் கேட்டவுடன் கிடைப்பதில்லை. ஆட்டத்தின் தொழில்நுட்பக் கூறுகளுக்கு மட்டும் கிடைக்கும் மதிப்பெண்ணில் ஒரு தாழ்ந்த எல்லை உண்டு. குறு ஆட்டத்துக்கு ஒன்று, நீள் ஆட்டத்துக்கு ஒன்று. அந்த எல்லையை அந்த ஆண்டிலோ முந்தைய ஆண்டிலோ ஏற்கப்பட்ட அனைத்துலகப் போட்டியில் எட்டியிருக்க வேண்டும். ஐரோப்பா தவிர்த்த மற்றக் கண்டங்களுக்காக 1999-இல் தொடங்கிய நாற்கண்டப் போட்டிக்கு எல்லை சற்றுத் தாழ்வு. உலகப் போட்டிக்கு உயர்வு. வயது விதியும் உண்டு. 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 15 வயது கமிலா வலியேவாவைச் சுற்றி எழுந்த ஊக்கமருந்துப் புயலுக்குப் பின், மூத்தோர் போட்டிக்கான வயது 15-இலிருந்து படிப்படியாக 17-ஆக உயர்ந்தது.

இந்தத் தராசும் ஒரு காலத்தில் நம்பத்தக்கதாக இல்லை. 2002 சால்ட் லேக் ஒலிம்பிக்கில் இணையர் ஆட்டத்தில் பிரெஞ்சு நடுவர் ஒருவர் நெருக்கடிக்குட்பட்டு மதிப்பெண் போட்டதாக வெடித்த சர்ச்சையில், ரஷ்ய இணைக்கும் கனடிய இணைக்கும் இரண்டு தங்கம் கொடுத்துத்தான் பிரச்சினையை ஆற்றினார்கள். ஆறுக்கு எவ்வளவு என்று நடுவர் மனம்போல் போட்ட பழைய முறை அதோடு போயிற்று. இன்று ஒவ்வொரு தாவலுக்கும் சுழலுக்கும் அடிப்படை விலை உண்டு. அதைச் செய்த தரத்துக்கு நடுவர்கள் மைனஸ் ஐந்திலிருந்து ஐந்து வரை ஏற்றியிறக்குவார்கள். குறை இல்லாத முறை இல்லை. ஆனால் ஓர் ஆட்டக்காரர் வீட்டுக்குப் போய் மதிப்பெண் தாளை வைத்துக்கொண்டு, எங்கே இழந்தேன் என்று பார்க்க முடிகிறது. ஒரு சிறிய நாட்டின் பிள்ளைக்கு இது பெரிய காவல். எண்ணுக்கு நிறம் தெரியாது. எந்த எஸ்டேட் என்று அது கேட்பதில்லை.

பெரிய நாடுகளில் சிக்கல் வேறு வகை. அங்கே எல்லையைத் தாண்டியவர் பலர், இடமோ மூன்று. அப்போது தேசியக் குழு உட்கார்ந்து முடிவெடுக்கிறது. அமெரிக்காவில் 2014 ஜனவரியில் பாஸ்டனில் நடந்த தேசியப் போட்டியில் கிரேசி கோல்டு முதலிடம், பாலினா எட்மண்ட்ஸ் இரண்டாமிடம், மிராய் நாகாசு மூன்றாமிடம். ஆஷ்லி வாக்னர் விழுந்து எழுந்து நான்காமிடம். சோச்சி ஒலிம்பிக்குக்கு மூன்று பேர். அறிவிப்பு வந்தபோது நாகாசுவின் பெயர் இல்லை. வாக்னரின் பெயர் இருந்தது. நாகாசு கலிபோர்னியாவில் சூஷி உணவகம் நடத்தும் ஜப்பானியக் குடியேறிகளின் மகள். 2010 வான்கூவர் ஒலிம்பிக்கில் நான்காமிடம் பெற்றவர். பணக்கார விளம்பர முகத்துக்காக உழைப்பாளியின் மகளைத் தள்ளிவிட்டார்கள் என்று பலர் எழுதினார்கள். முதலில் படித்தபோது எனக்கும் இரத்தம் கொதித்தது.

பிறகு கணக்கைப் பார்த்தேன். அமெரிக்காவுக்கு மூன்றாவது இடம் எங்கிருந்து வந்தது? 2013 உலகப் போட்டியில் வாக்னர் ஐந்தாமிடம், கோல்டு ஆறாமிடம். கூட்டினால் 11. ஒலிம்பிக் இடத்துக்கும் அதே கணக்குதான். அந்த 13-க்குள் வந்ததால்தான் மூன்றாவது கதவு திறந்தது. அதில் வாக்னரின் பங்கு முக்கியமானது. 2012, 2013 இரண்டு ஆண்டும் தேசியப் பட்டம் அவருடையது. தேசியப் போட்டி மட்டுமே தேர்வு அல்ல, முந்தைய ஓராண்டின் அனைத்துலக ஆட்டமும் கணக்கில் வரும் என்று விதி முன்பே இருந்தது. அந்த விதிப்படி குழு செய்தது தவறில்லை என்பதே என் முடிவு. நாகாசுவின் வலி நியாயமானது. ஆனால் அது குழு இழைத்த அநீதி அல்ல. சோச்சியில் வாக்னர் ஏழாமிடம் பெற்றார். நான்கு ஆண்டு கழித்து காட்சி தலைகீழானது. 2018 சான் ஹோசே தேசியப் போட்டியில் நாகாசு இரண்டாமிடம் பெற்று அணிக்குள் வந்தார். நான்காமிடம் பெற்ற வாக்னர் வெளியே நின்றார். அதே ஆண்டு ஆண்களில் இரண்டாமிடம் பெற்ற ராஸ் மைனரை விட்டு, நான்காமிடத்து ஆடம் ரிப்பனை எடுத்தார்கள். காரணம் அதேதான்: ஆண்டு முழுவதும் வெளிநாட்டில் எடுத்த மதிப்பெண். அந்த ஒலிம்பிக்கின் அணிப் போட்டியில் நாகாசு மூன்றரைச் சுற்று ஆக்செல் தாவலை நிறைவு செய்தார். ஒலிம்பிக்கில் அதைச் செய்த முதல் அமெரிக்கப் பெண் அவர்தான்.

இதைவிடக் கடினமான முடிவு 1994-இல். டெட்ராய்ட்டில் தேசியப் போட்டிக்கு முன் நான்சி கெரிகனின் காலில் அடித்துக் காயப்படுத்தினார்கள். அவரால் ஆடவே முடியவில்லை. 13 வயது மிஷெல் க்வான் அங்கே இரண்டாமிடம் பெற்றும் மாற்று ஆட்டக்காரராக நின்றார். ஆடாத கெரிகனுக்கு இடம் கொடுத்தார்கள். லில்லிஹாமரில் கெரிகன் வெள்ளி வென்றார். வென்றதால் முடிவு சரி என்று நான் சொல்லமாட்டேன். அடிபட்டவருக்கு அடியாலேயே இடம் போகக்கூடாது என்ற காரணம் சரி. அது பதக்கம் வராமல் போயிருந்தாலும் சரியாகவே இருந்திருக்கும்.

என் மனம் ஒப்பாத முடிவு ரஷ்யாவினுடையது. 2013 உலகப் போட்டியில் மாக்சிம் கோவ்துன் 17-ஆம் இடம் பெற்றதால், சொந்த மண்ணில் நடக்கும் சோச்சி ஒலிம்பிக்கில் ஆண்கள் பிரிவில் ரஷ்யாவுக்கு ஒரே இடம். அடுத்த தேசியப் போட்டியில் கோவ்துன் முதலிடம், 2006 ஒலிம்பிக் தங்கம் வென்ற யெவ்கெனி பிளுஷென்கோ இரண்டாமிடம். பிறகு மூடிய கதவுக்குள் பிளுஷென்கோ தேர்வாளர் முன் ஆடிக்காட்டினார். இடம் அவருக்குப் போயிற்று. அணிப் போட்டியில் ரஷ்யா தங்கம் வென்றது. அதில் அவர் பங்கு உண்டு. ஆனால் தனியர் போட்டியன்று பயிற்சியில் முதுகு பிடித்துக்கொள்ள, ஆட்டம் தொடங்குமுன் அவர் விலகினார். மாற்று ஆள் போட நேரம் இல்லை. ஆண்கள் தனியர் பிரிவில் ரஷ்யா ஒருவர்கூட இல்லாமல் நின்றது. அவரைத் தேர்ந்தது சரியா தவறா என்று வாதாடலாம். ஆனால் பட்டம் வென்ற 18 வயதுப் பையனுக்கு, தான் எந்த அளவுகோலால் தோற்றேன் என்று பார்க்க ஒரு தாள்கூட இல்லை. எந்தத் தோட்டத்துக் காற்பந்துக் குழுவாக இருந்தாலும் இப்படி ஒரு தேர்வை நான் ஏற்கமாட்டேன்.

சுவீடனின் கதை இவற்றுக்கெல்லாம் எதிர்ப்பக்கம். 2018 பியொங்சாங் ஒலிம்பிக்குக்கு ஒவ்வொரு தனியர் பிரிவிலும் 30 இடம். 24 இடம் முந்தைய உலகப் போட்டியில் தீர்ந்துவிடும். மிச்சம் ஆறு இடம் 2017 செப்டம்பரில் ஜெர்மனியின் ஓபர்ஸ்டோர்ஃப் மலையூரில் நடந்த நெபல்ஹார்ன் கிண்ணப் போட்டியில். அங்கே சுவீடனின் அலெக்சாண்டர் மாயோரோவ் தன் நாட்டுக்கு ஓர் இடத்தை ஆடிப் பெற்றார். ஆனால் அவருடைய ஒலிம்பிக் குழுவே அவரை அனுப்ப மறுத்தது. தங்கள் உள்நாட்டுத் தகுதி எல்லையை அவர் எட்டவில்லை என்றது. அந்த இடம் காத்திருந்த பிலிப்பைன்ஸுக்குப் போய், பேரங்காடிப் பனித்தளத்தில் ஆடப் பழகிய மைக்கேல் கிறிஸ்டியன் மார்ட்டினெஸ் இரண்டாம் முறை ஒலிம்பிக் போனார். உலகம் போதும் என்று சொன்ன பிறகும் வீடு போதாது என்று சொல்ல முடியும் என்பதற்கு இது சான்று.

அதே ஓபர்ஸ்டோர்ஃபில்தான் மலேசியாவுக்கும் கதவு திறந்தது. கோலாலம்பூரில் 1997-இல் பிறந்த ஜூலியன் யீ, நான்கு வயதில் சன்வே பிரமிட் பேரங்காடியின் பனித்தளத்தில் ஆடத் தொடங்கியவர். அந்தப் பேரங்காடி திறந்ததும் அதே 1997-இல்தான். ஒரு மூடிய பனித்தளமும் ஒரு பிள்ளையும் ஒரே ஆண்டில் பிறந்தது தற்செயல். பொதுமக்கள் கையைப் பிடித்துக்கொண்டு சுற்றும் தளத்தில் இடையிடையே தாவல் பழகியவர், பின்னர் கனடாவின் பேரி நகருக்குப் பயிற்சிக்குப் போனார். 2017 ஆகஸ்டில் கோலாலம்பூர் சீ விளையாட்டுப் போட்டியில் முதன்முறையாக ஃபிகர் ஸ்கேட்டிங் சேர்க்கப்பட்டபோது ஆண்கள் தங்கம் அவருக்கு. அடுத்த மாதம் நெபல்ஹார்னில் அந்த ஆறு இடங்களில் ஒன்று. 2018 பிப்ரவரியில் பியொங்சாங்கில் குறு ஆட்டத்தில் 25-ஆம் இடம். நீள் ஆட்டத்துக்கு 24 பேரைத்தான் எடுப்பார்கள். ஓரிடத்தில் வாய்ப்புப் போயிற்று. ஆனால் அவர் அங்கே நின்றதே எண்ணால். யாருடைய தயவாலும் அல்ல.

இங்கேதான் நிரைக்கு வருகிறேன். தராசு நேர்மையானது என்று மேலே சொன்னேன். ஆனால் அந்தத் தராசில் ஏறி நிற்க ஒரு பிள்ளை தானாகப் போக முடியாது. அனைத்துலகப் போட்டிக்குப் பெயர் கொடுக்கும் உரிமை அந்தந்த நாட்டுச் சங்கத்துக்கு மட்டுமே. தாழ்ந்த எல்லையை எட்டினால்தான் உலகப் போட்டி. எல்லையை எட்ட வேண்டுமானால் வெளிநாட்டுப் போட்டி. வெளிநாட்டுப் போட்டிக்குச் சங்கம் அனுப்ப வேண்டும். அப்படியானால் உண்மையான தேர்வு உலகப் போட்டிக்கான அறிவிப்பன்று நடப்பதில்லை. அதற்கு ஓராண்டுக்கு முன்பு, எந்தச் சிறிய போட்டிக்கு யாரை அனுப்புவது என்று ஒரு குறுஞ்செய்திக் குழுவிலோ சாயங்காலக் கூட்டத்திலோ முடிவானபோதே நடந்துவிடுகிறது. இளமர நிரை யாருக்கு என்று பெரட்டில் தீர்ந்துவிடுவது போல. எந்த நாட்டுச் சங்கத்தையும் நான் குறிவைத்துச் சொல்லவில்லை. விதியின் அமைப்பே இது. பயிற்சியாளர்களும் பெற்றோரும் சங்க நிர்வாகிகளும் ஒரே சிறிய வட்டத்துக்குள் இருக்கும் நாடுகளில், தன் மாணவரின் பெயர் பேசப்படும்போது ஒருவர் எழுந்து வெளியே போகவேண்டும் என்ற எழுதிய விதி இல்லையென்றால், நல்லவர்களே தவறுவார்கள்.

செலவு இன்னொரு நிரை. மலேசியாவில் சீ போட்டிக்கு ஆள் எடுக்கும்போது ஏ, பி என்று இரு பிரிவு உண்டு. பதக்க எல்லையைத் தொட்டவர் ஏ. அவர் செலவை அரசு பார்க்கும். பி பிரிவில் போகிறவரின் செலவைச் சங்கம் சுமக்க வேண்டும். நிதி இல்லாத சங்கம் என்ன செய்யும்? பெரும்பாலும் குடும்பத்தின் பக்கம் திரும்பும். காற்பந்துக்கு ஒரு ஜோடிக் காலணி போதும். பனித்தளத்திலோ தள வாடகை, பயிற்சியாளர் கட்டணம், காலணியும் அதன் கத்தியும், இசை, உடை, ஆண்டுக்குப் பல விமானப் பயணம். தேர்வுக்குழு எவ்வளவு நேர்மையாக இருந்தாலும், அது தேர்ந்தெடுப்பது இந்தச் செலவைத் தாங்கியவர்களுக்குள் இருந்துதான்.

தோட்டத்துப் பிள்ளைக்கு நாடு வைத்திருக்கும் ஏணி வேறு. தமிழ்ப்பள்ளித் திடலில் ஓடு, மாவட்டத்துக்குப் போ, அங்கிருந்து மாநிலப் பள்ளிகள் போட்டி, பிறகு தேசியப் பள்ளிகள் போட்டி, மாநிலங்கள் மோதும் சுக்மா, தேசிய முகாம். குறைகள் நிறைந்த ஏணிதான். சப்பாத்து இல்லாமல் ஏறியவர்கள், மாவட்டத்துக்குப் போகப் பேருந்துக் காசில்லாமல் முதற்படியிலேயே நின்றவர்கள் எல்லாரையும் எனக்குத் தெரியும். ஆனாலும் ஏணி என்று ஒன்று இருக்கிறது. அதன் முதற்படி பள்ளித் திடலில் ஊன்றியிருக்கிறது. மலேசியாவின் முதல் ஆண்டு விளையாட்டு வீராங்கனை விருதை 1966-இல் பெற்ற எம். ராஜாமணி, அதே ஆண்டு ஆசியப் போட்டியில் 400 மீட்டர் தங்கம் வென்றார். ஓடுவதற்குத் தரை போதும் என்பதால் அவர் போன்றவர்களைக் கண்டுபிடிக்க முடிந்தது. பனித்தளத்துக்கு அப்படி ஒரு படி பள்ளியில் இல்லை.

எனவே பனித்தளம் எங்கே இருக்கிறதோ அங்கிருந்தே ஆட்டக்காரர் வருகிறார். இந்தியாவையே பாருங்கள். 2011 தெற்காசியப் பனிக்கால விளையாட்டுகளுக்காக டேராடூனில் கட்டிய பனித்தளம் போட்டிக்குப் பின் ஆண்டுக்கணக்கில் மூடிக்கிடந்தது. அமெரிக்காவில் இந்தியப் பெற்றோருக்குப் பிறந்த தாரா பிரசாத் அங்கேயே பயிற்சி பெற்று, 2019-இல் இந்தியக் குடியுரிமை எடுத்து, 2022-இல் தேசியப் பட்டம் வென்று, நாற்கண்டப் போட்டிகளில் இந்தியாவின் பெயரில் ஆடுகிறார். அவரைக் குறைசொல்ல எதுவும் இல்லை. உழைத்து எல்லையை எட்டியவர். ஆனால் நூற்று நாற்பது கோடி மக்களின் நாட்டுக்கு ஆட்டக்காரர் அமெரிக்கப் பனித்தளத்தில் உருவாக வேண்டியிருக்கிறது. நம் நாட்டில் ஸ்ரீ அபிராமி சந்திரன் என்ற தமிழ்ப் பெண் சிறு வயதிலேயே மலேசியாவின் பெயரில் வெளிநாட்டுப் பனித்தளங்களில் ஆடிப் பரிசு பெற்றிருக்கிறார். தமிழ்ப்பிள்ளையால் முடியுமா என்ற கேள்வி அதோடு தீர்ந்தது. எல்லாத் தமிழ்ப்பிள்ளைக்கும் அந்தத் தளத்தில் கால் வைக்க வாய்ப்பு உண்டா என்பது தீரவில்லை.

அந்த முகநூல் கேள்விக்கு இன்னொரு கோணமும் உண்டு. அவர் கேட்ட எஸ்டேட் இன்று பெரும்பாலும் இல்லை. நெகிரி செம்பிலானில் பால்மரங்கள் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையில் வேலைக்கு வெளிநாட்டுத் தொழிலாளர் வந்தார்கள். தோட்ட நிலங்களில் நீலாயும் சிரம்பான் 2-உம் எழுந்தன. லயத்து வீட்டுப் பிள்ளைகள் மலிவு அடுக்ககங்களுக்குப் போனார்கள். லாபு தோட்டத் தமிழ்ப்பள்ளி, சுவா பெத்தோங் தோட்டத் தமிழ்ப்பள்ளி என்று பள்ளிகள்தான் இன்னும் அந்தப் பெயர்களைச் சுமக்கின்றன. தோட்டத்தில் ஒரு திடலாவது இருந்தது. மாலையில் காற்பந்து, தைப்பூசம் தீபாவளியை ஒட்டி ஓட்டப்பந்தயம், மைதானக் கோடுகளுக்குச் சுண்ணாம்பு கொடுக்க அலுவலகம். நகரத்து அடுக்ககத்தில் அந்தத் திடலும் போயிற்று. திடலை இழந்தவர்களுக்கு ஈடாக எதுவும் வரவில்லை.

தேர்வு முறையைப் பற்றி என் நிலைப்பாடு இதுதான். ஒரே நாள் போட்டியில் வென்றவரை எடுப்பதா, ஆண்டு முழுவதன் கணக்கைப் பார்ப்பதா என்ற விவாதத்தில் நான் இரண்டாவது பக்கம். ஒரு தாவலில் விழுவது எவருக்கும் நேரும். ஜப்பானில் செய்வது போல, தேசியப் பட்டம் வென்றவருக்கு நேரடியாக ஓர் இடம் கொடுத்துவிட்டு, மீதி இடங்களுக்கு எழுதிய அளவுகோல்களை வைத்துக் கணக்குப் பார்ப்பது எனக்குத் தெரிந்தவரை சீரான வழி. எப்படியாயினும் அளவுகோல் பருவம் தொடங்குமுன் அச்சாக வேண்டும். எந்த ஆட்டத்துக்கு எவ்வளவு எடை என்று அதில் இருக்க வேண்டும். முடிவோடு காரணமும் வெளிவர வேண்டும். வெளிநாட்டுக்கு யாரை, எந்தப் போட்டிக்கு, யார் செலவில் அனுப்பினார்கள் என்ற பட்டியலும் அதே தாளில் வேண்டும். அது இல்லாத தேர்வு விதி, நிரையை மறைத்துத் தராசை மட்டும் காட்டுவது.

நெகிரி செம்பிலானில் ஒவ்வோர் ஆண்டும் நம் ஆலயங்களும் இளைஞர் மன்றங்களும் பூப்பந்து, காற்பந்துப் போட்டிகளுக்குச் சுழற்கிண்ணம் கொடுக்கின்றன. நல்ல காரியம், தொடரட்டும். அந்தச் செலவில் ஒரு பகுதியை எடுத்து, ஆண்டுக்கு ஒருமுறை தோட்டப் பெயரைச் சுமக்கும் தமிழ்ப்பள்ளிகளின் பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றிப் பனித்தளத்துக்கு அழைத்துப்போக முடியாதா என்று அவர்களைக் கேட்கிறேன். பத்துப் பிள்ளைகளில் ஒருத்தி விழாமல் நின்றாலும், அவளை அடுத்த மாதமும் அழைத்துப்போக ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். பிள்ளையைச் சங்கத்தில் பதியும் பெற்றோர், கட்டணம் செலுத்துமுன் வெளிநாட்டுப் போட்டிக்கு ஆள் எடுக்கும் விதியை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். செம்பனையால் வளர்ந்த ஐஓஐ குழுமம் புத்ராஜெயாவில் கட்டிய பேரங்காடிக்குள் ஒரு பனித்தளம் இருக்கிறது. சிரம்பானிலிருந்து அங்கே போக ஒரு மணி நேரம்கூட ஆகாது.